ஒரு பிடி வண்டல்

ஐப்பசி மழையில் மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஏரிகள் கோடி போகும்போது ஒரு பிடி வண்டல் புறப்படுகிறது. தொண்டியாற்றில் இறங்கி, வராக நதி வந்து கலக்கும் வீடூர் அணையை எட்டுகிறது. மணல் அங்கேயே தங்கிவிடும். மாவாய்க் கரைந்த களி மட்டும் மதகு திறந்தால் தாண்டும். அப்புறம் சங்கராபரணி, வில்லியனூர், கிளை பிரிந்து அரியாங்குப்பம் கழிமுகம். உப்புநீர் பட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் அமர்கின்றன.

அந்தச் சேற்றுக்குள் குடியேறுகிறவை பாலிகீட் புழுக்கள், மட்டிகள், பொடி நத்தைகள். தொடுதலும் சுவையும் மட்டுமே உள்ள ஈரறிவுயிர்கள் என்று சமணம் இவற்றை எண்ணியது. தொல்காப்பியமும் நத்தை இனத்தை ஈரறிவில்தான் வைத்தது. வண்டல் புறப்பட்ட மேல்சித்தாமூர்தான் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கும் ஊர். கண்ணுக்குத் தெரியாத உயிரும் சாகக் கூடாதென்று தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்ன சமயம் அது.

அந்த இரண்டறிவு போதும், ஆற்றின் கதையைச் சொல்ல. நீர் கெட்டால் மீன் விலகிப் போய்விடும்; சேற்றில் வளை தோண்டியது எங்கே போகும்? பாட்டிலில் முகந்த நீர் அந்த நேரத்து நிலையைத்தான் காட்டும். நேற்றிரவு திறந்துவிட்ட கழிவு அதற்குள் கடல் சேர்ந்திருக்கும். புழுவோ பல மாதம் பட்டதை உடம்பில் வைத்திருக்கிறது. சாக்கடை சேர்ந்து மக்கினால் பிராணவாயு தீர்கிறது. சேறு கறுத்து அழுகிய முட்டையாய் நாறுகிறது. நெடுநாள் வாழும் மட்டிகள் மறைய, கேப்பிடெல்லா என்னும் செந்நூல் போன்ற புழு மொய்க்கத் தொடங்கும். அந்தப் பெருக்கம் வளமல்ல, எச்சரிக்கை. இந்த வரிசையை 1978இல் கடல் உயிரியலாளர்கள் பியர்சனும் ரோசன்பர்க்கும் விளக்கினார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்துப் புழுக்களைப் பல தலைமுறை மாணவர்களுக்குப் பழக்கியிருக்கிறது.

அரியாங்குப்பத்தில் ஆய்வுப் படகிலிருந்து இறங்கும் வான் வீன் கிராப் என்ற இரும்புத் தாடை, நம் வண்டலைக் கவ்வி மேலே கொண்டுவருகிறது. அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசுகிறார்கள். மிஞ்சிய உயிர்கள் ஃபார்மலினுக்குப் போகின்றன. ரோஸ் பெங்கால் சாயத்தில் சிவந்து, நுண்ணோக்கியின் கீழ் இனம் இனமாக எண்ணப்படுகின்றன. அத்தனை உயிரைக் கொன்று எடுத்த கணக்கை அலமாரியில் பூட்டி வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சாக்கடையை எங்கே தடுப்பது என்று முடிவெடுக்கும் மேசைக்கு அது வந்தாக வேண்டும்.

களி சல்லடைக் கண் வழியே ஒழுகி மறுபடி ஆற்றில் விழுகிறது. ஓதம் இறங்கும்போது கடலுக்குப் போகும்.