கண்ணிவெடிமேல் விழுந்த சுபேதார்

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கெடா தோட்டங்களில் பேச்செடுத்தால் முதலில் சயாம் மரண ரயில்பாதை வரும். அடுத்து நேதாஜியின் படை வரும். வரத்தான் வேண்டும்; போர் நம் வாசல் வழியே போனதாயிற்றே. 1941 டிசம்பரில் ஜித்ராவில் உடைந்த 11ஆவது இந்திய டிவிஷன், குரூண், மூடா ஆறு என்று பின்வாங்கி, பண்டார் பாரு அமைந்திருக்கும் கிரியான் ஆற்றைத் தாண்டித் தெற்கே போனது. ஆனால் அதே போரில் இத்தாலியில் உயிர் கொடுத்த தமிழர் ஒருவரையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

சுபேதார் சுப்பிரமணியன், 1912இல் காஞ்சிபுரம் பக்கத்துக் கீழொட்டிவாக்கத்தில் பிறந்தவர். 1780இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். அந்தப் படைக்காரர்களை ராணுவமே 'தம்பி' என்றுதான் கூப்பிடும். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அவர்கள் வழி திறந்த பிறகே மற்றவர் நடக்க முடியும்.

1944 பிப்ரவரி 15இல் இத்தாலியின் மோன்டே கசினோ மடத்தின்மீது விமானங்கள் குண்டு பொழிந்தன. சுப்பிரமணியனின் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி, அங்கே போரிட்ட 4ஆவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. ஜெர்மானியர் வழியெங்கும் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். அவற்றில் ஒரு வகை மிதித்த உடனே வெடிக்காது. சில விநாடி கழித்து இடுப்பளவு எழும்பி வெடித்து, எஃகுக் குண்டுகளை நாற்புறமும் வாரி இறைக்கும். படுத்துக்கொண்டால் ஒருவேளை தப்பலாம்.

பிப்ரவரி 24இல், மிஞ்ஞானோவில், வெடி எடுக்கப் போன குழுவுக்கு நடுவே கண்ணிவெடி ஒன்று தூண்டப்பட்டது. சுப்பிரமணியன் அதன்மேலேயே பாய்ந்து விழுந்தார். வெடிப்பு முழுவதையும் அவர் உடம்பு வாங்கிக்கொண்டது. கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

வெள்ளைக்காரன் படையில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்தானே என்று கேட்போர் உண்டு. நேதாஜியின் பின்னால் போன நம் தோட்டத்துப் பிள்ளைகளின் தியாகத்தை நெஞ்சில் சுமக்கும் நமக்கு அந்தக் கேள்வி இயல்பானது. ஆனாலும் அந்த நொடியில் அவருக்கு உத்தரவு போட யாரும் இல்லை. நினைத்துப் பார்க்கவும் நேரமில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அவருடைய ஆட்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் யாரையும் கொல்லவுமில்லை. எதிரியோடு நேருக்கு நேர் மோதாத வேளையில் காட்டும் உச்ச வீரத்துக்கென்றே 1940இல் ஏற்படுத்தப்பட்ட ஜார்ஜ் கிராஸ் அவருக்குக் கிடைத்தது, என் பார்வையில், மிகப் பொருத்தம். விக்டோரியா கிராஸுக்கு நிகரான விருது அது.

1944 ஜூன் 30இல் அரசிதழில் அறிவிப்பு வந்தது. இத்தாலியில் தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்காகச் சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.