முசி நதியின் துக்யானி: ஏரிக்கரைகள் சொல்லும் பாடம்

ஹைதராபாத்தின் பழைய குடும்பங்களில் ‘துக்யானி’ என்றால் அது 1908 செப்டம்பர் 28 அன்று முசி நதியில் வந்த பெருவெள்ளத்தையே குறிக்கும். எல்லை மீறுதல் எனும் பொருளுடைய அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த சொல் இது. நூஹ் (அலை) அவர்கள் காலத்து வெள்ளத்தைக் குறிப்பிடும் இடத்தில் அல்ஹாக்கா அத்தியாயமும் இவ்வேர்ச்சொல்லையே ஆள்கிறது. அப்போது ஹிஜ்ரி 1326, ரமளானின் தொடக்க நாட்கள்.

அனந்தகிரி மலையில் தோன்றி நகரின் நடுவே ஓடும் முசி, ஆண்டின் பெரும்பகுதி மெலிந்தே கிடக்கும் ஆறு. ஆகவே அதன் கரையை ஒட்டியே மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். விடாது பெய்த மழையில் ஆறு திடீரெனப் பொங்கி அவ்வீடுகளுக்குள் புகுந்தது. அஃப்ஸல்கஞ்ச் மருத்துவமனை அழிந்தது. ஆற்றின் பாலங்கள் சிதைந்தன. குதுப்ஷாஹி மன்னர் காலத்தில், 1578இல் கட்டப்பட்ட பழைய பாலம் மட்டும் தாங்கி நின்றது. இறந்தோர் சுமார் 15,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 50,000 வரை கூறுவோரும் உளர். ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர்.

மருத்துவமனை வளாகத்துப் புளியமரம் ஒன்றில் ஏறிய சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதியோ தாய், மனைவி, மகள் மூவரையும் வெள்ளத்தில் இழந்து தனியராய்க் கரை சேர்ந்தார். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அரண்மனைக் கதவுகளை அகதிகளுக்குத் திறந்துவிட்டார்.

இவ்வழிவுக்கு மழை மட்டுமே காரணமா? நிஜாம் அரசு அழைத்த பொறியாளர் விசுவேசுவரய்யா இதனை ஆராய்ந்தார். முசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன; அவற்றுள் 221 உடைந்திருந்தன. ஒன்றன் கீழ் ஒன்றாய் அமைந்த ஏரிகளில் மேலது உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழ் ஏரியின் மீது பாயும். கலிங்கு வழியே வெளியேற முடியாத நீர் கரையை உடைக்கும். நாட்கணக்கில் வடிய வேண்டிய நீர் இவ்வாறு சில மணி நேரத்தில் நகரை வந்தடைந்தது.

அவரது ஆலோசனையின் வழியே முசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், அதன் கிளையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927இலும் எழுந்தன. வெள்ளத்தைத் தடுக்கப் பிறந்த அவ்விரு அணைகளே நகரின் தாகத்தையும் தணித்தன.

ஆயினும் 2020 அக்டோபர் பெருமழையில் பல்லே செருவு போன்ற ஏரிகள் உடைந்து அதே நகரின் தெருக்கள் மீண்டும் மூழ்கின. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ ஏரிகளும் வாய்க்கால்களும் கட்டடங்களாக மாறியிருந்தன.

மழை இறைவனின் நாட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கரையைக் காப்பதும், வாய்க்காலை அடைக்காதிருப்பதும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைத் தவறவிட்டுவிட்டு, விளைந்த கேட்டை விதியின் மீது மட்டும் சுமத்துவது நேர்மையன்று. வீட்டுமனை வாங்குமுன் அது நீர்வழியா என்று விசாரிப்பதும், ஜமாஅத்தார் கூடி ஊர் ஏரியைத் தூர்வாருவதும் மார்க்கத்திற்கு அப்பாற்பட்ட வேலைகள் அல்ல. அந்தப் பொறுப்புணர்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.