பொறுப்பானவர் யார்?

இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வெளியே போகிறவர்களுக்கு அமெரிக்காவில் சில விதிகள் சொல்லித்தருகிறார்கள். விசையை மூடும் உறைக்குள் துப்பாக்கி இருக்க வேண்டும். சுடப்போகும்வரை விசையில் விரல் படக் கூடாது. குழல் யாரையும் பார்த்து நீளக் கூடாது. குடித்துவிட்டுத் தொடக் கூடாது. போலீஸ் வண்டியை நிறுத்தினால் இரண்டு கையும் வெளியே தெரியணும். நல்ல விதிகள்தாம். ஆனால் துப்பாக்கி ஏந்தும் அளவுக்குப் 'பொறுப்பானவர்' என்று அந்த நாடு யாரை ஒத்துக்கொண்டது? அதைக் கேட்டால் வரலாறு வேறு கதை சொல்லுகிறது.

1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பருக்குக் குடியுரிமை இல்லையென்று எழுதினார் தலைமை நீதிபதி ரோஜர் டானி. கொடுத்தால் என்னவெல்லாம் ஆகும் என்று ஒரு பட்டியலும் போட்டார். போகிற இடமெல்லாம் அவர்கள் ஆயுதம் எடுத்துப்போகலாம் என்பதும் அதில் ஒன்று. அடிமைமுறை ஒழிந்த 1865லேயே மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது: விடுதலையான கறுப்பர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. உரிமம் கொடுப்பது யார் கையில்? நேற்றைய எசமான்களின் கையில்.

1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டார் கிங். மறுத்தார்கள். பிறகு துப்பாக்கியே வேண்டாம் என்று அவர் முடிவுசெய்தது வேறு சங்கதி. மறுத்தவர்கள் அகிம்சையை நினைத்து மறுக்கவில்லை.

1966இல் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்தது. குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திப்போகலாம் என்று கலிபோர்னியச் சட்டம் அன்றைக்கு அனுமதித்தது. ஹூயி நியூட்டன் அந்தச் சட்டத்தை வரிவரியாகப் படித்தார். போலீஸ் கறுப்பரை நிறுத்தும் இடத்தில் தள்ளி நின்று பார்த்தார்கள். குழலை யார் பக்கமும் திருப்பவில்லை. சட்டத்தை மீறவில்லை, சட்டத்தையே மாற்றிவிட்டார்கள் ஆள்வோர். 1967இல் மல்ஃபோர்டு சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமை பேசும் தேசிய ரைபிள் சங்கமும் அதை ஆதரித்தது.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2016 ஜூலை 6. மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. பள்ளி உணவுக்கூடத்தில் வேலைபார்த்தவர், உரிமம் உள்ளவர். அதிகாரி கேட்டால் சொன்னால் போதும் என்பது அங்கே சட்டம். அவர் கேட்காமலேயே, துப்பாக்கி வைத்திருப்பதை மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் ஏழு முறை சுட்டார் அதிகாரி. காரில் காஸ்டிலின் தோழியும் அவரது நான்கு வயது மகளும் இருந்தார்கள். 2017இல் அதிகாரி விடுதலை. பொறுப்பாக நடந்தவர் மண்ணுக்குள்.

கருஞ்சிறுத்தைகளின் பெயரை 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். நமக்கும் ஒரு விதி இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மூன்றாவது விதி: கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் தலித், பழங்குடி அல்லாதவரின் ஆயுத உரிமங்களை ரத்துசெய்யலாம், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகத் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் கொடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை, 'தேவையெனக் கருதினால்'.

எல்லாரும் துப்பாக்கி வாங்குவோம் என்று சொல்லவரவில்லை. துப்பாக்கியைவிட ஆபத்தானது அந்த ஒற்றைச் சொல். கருதுகிறவர் யார்? மிசிசிப்பியில் கேட்டதும் அதைத்தான், சேரியில் கேட்பதும் அதைத்தான்.