மலைநாடும் உயிரின மண்டலங்களும்

நாட்டுக்கு நாடு அரசுகள் வகுத்த எல்லைகள் ஒருவகை. உயிர்களின் பரம்பலால் அமைந்த எல்லைகள் மற்றொரு வகை. பின்னதை ஆராயும் துறை உயிரினப் புவியியல் எனப்படும். இதனோடு ஒத்த சிந்தனை தமிழ் மரபுக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை என நிலத்துக்கு மலரின் பெயர் சூட்டி, அவ்வந் நிலத்துக்குரிய மரம், புள், விலங்கு முதலியவற்றைக் கருப்பொருள் எனத் தொல்காப்பியம் தொகுத்துரைத்தது. எனினும் அப்பகுப்பு நிலத்தின் இயல்பை அடிப்படையாகக் கொண்டது. எம்மலையாயினும் அது குறிஞ்சியே. ஒத்த தட்பவெப்பமுடைய இரு மலைகளில் வெவ்வேறு உயிர்கள் வாழ்வதேன் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் எழுப்பிய வினாவாகும். அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியில் இலங்கையின் மத்திய மலைநாடு பெற்ற இடம் சிறப்புடையது.

1858ஆம் ஆண்டில் பிலிப் லட்லி ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில அறிஞர், பறவைகளின் பரம்பலை ஆதாரமாகக் கொண்டு உலக நிலப்பரப்பை ஆறு மண்டலங்களாக வகுத்தார். ஐரோப்பாவும் வட ஆசியாவும், ஆபிரிக்கா, இந்தியாவும் தென்கிழக்காசியாவும், அவுஸ்திரேலியா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்பன, சிற்சில எல்லை வேறுபாடுகளுடன், அவ்வாறு மண்டலங்களாம். அல்பிரட் ரசல் வாலஸ் 1876இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இப்பகுப்பை ஏற்று, பிற விலங்குகளுக்கும் விரித்துரைத்தார். இமயமலையும் சகாரா பாலைவனமும் ஆழ்கடலும் உயிர்களின் செலவைத் தடுத்தன; தடுக்கப்பட்டவை நெடுங்காலம் தனித்து வாழ்ந்து வேறுபட்டன. ஆகவே இம்மண்டலங்கள் தட்பவெப்பத்தின் விளைவு மட்டுமல்ல. பூமியின் வரலாற்றினது விளைவுமாகும்.

வாலஸ் கீழைத்தேய மண்டலத்தை நான்கு துணை மண்டலங்களாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்றுக்கு இலங்கையின் பெயரையே இட்டு, தென்னிந்தியாவின் தென்பகுதியையும் அதனுள் அடக்கினார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் பணியாற்றிய வில்லியம் தோமஸ் பிளான்போர்ட் 1901இல் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்தார். இலங்கையின் வடக்கு, கிழக்குத் தாழ்நிலங்களின் விலங்குகள் கர்நாடகச் சமவெளி விலங்குகளை ஒத்தன. மலைநாட்டினதும் தென்மேற்கினதும் விலங்குகளோ மலபார்ப் பகுதி விலங்குகளை ஒத்தன. எனவே முக்கியமான எல்லை பாக்கு நீரிணையில் இல்லை. வறண்ட நிலத்துக்கும் ஈர நிலத்துக்கும் இடையே தீவின் உள்ளேயே அமைந்துள்ளது என்பது புலனாயிற்று.

இவ்வுறவுக்குச் சான்றுகள் பல. மண்ணைத் துளைத்து வாழும் கேடயவாற் பாம்புக் குடும்பம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியிற் செம்மலர் பூக்கும் ரோடோடென்ரன் மரத்தின் இனம் நீலகிரியிலும், அங்கிருந்து நெடுந்தொலைவிலுள்ள இமயத்திலும் காணப்படுகின்றது. அச்சமவெளியில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே மலரும் நெலுச் செடிகளும், நீலகிரியிற் பன்னிரண்டாண்டுக்கொருமுறை மலரும் குறிஞ்சியும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை.

எனினும் இலங்கை மலைநாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் வெறும் படியன்று. கொம்பு ஓணான் பேரினம் இலங்கைக்கே உரியது. நுவரெலியாச் சோலைகளில் வாழும் மஞ்சட் காதுச் சின்னானும் அத்தகையதே. பனியூழிக் காலங்களிற் கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேலாகத் தாழ்ந்தபொழுது இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. அங்ஙனமாயின் இவ்வேறுபாடு நிலைத்தது எவ்வாறு? தவளை, பாம்பு, நன்னீர் மீன், நண்டு முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுட் பல நிலப்பாலம் இருந்த காலத்தும் பெரிதும் கலவாது தனித்தே கிளைத்தன என்று காட்டிற்று. பாலமாக அமைந்த நிலம் வறண்ட தாழ்நிலம். ஈரக் காட்டில் வாழும் சிறு தவளைக்கு அதுவும் கடலை ஒத்த தடையாயிருந்திருத்தல் கூடும்.

அறிஞர் இவ்வெல்லைகளை வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அவ்வெல்லைகளுக்குச் சான்றான காடுகள் மறைந்துகொண்டிருந்தன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் மலைக்காடுகளை அரசுடைமையாக்கித் துரைமாருக்கு விற்க வழி வகுத்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் கோப்பித் தோட்டங்கள் பரந்தன. 1869இற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளிற் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, பின்னர் அதன் இடத்தைக் கைப்பற்றியது.

இதனால் விளைந்தது வியப்புக்குரிய கலப்பாகும். கோப்பி எதியோப்பியாவிலிருந்து வந்தது. தேயிலையின் பிறப்பிடம் அசாமும் சீனமும் சார்ந்த மலைகள். 1861இல் நிறுவப்பட்ட ஹக்கல பூங்காவிற் பரிசோதிக்கப்பட்ட சிங்கோனாவும், நுவரெலியா விவசாயிகளின் உருளைக்கிழங்கும் தென்னமெரிக்க அந்தீஸ் மலைக்குரியவை. தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கும், விறகாகும் யூக்கலிப்டசும் அவுஸ்திரேலிய மரங்கள்; நுவரெலியாவிற் காணப்படும் சைப்பிரசு வகையொன்று கலிபோர்னியாவினது; ஹோர்ட்டன் சமவெளியிற் களையாகப் பரவிய முட்செடி ஐரோப்பாவினது. ஸ்கிளேட்டர் வகுத்த ஆறு மண்டலங்களின் தாவரங்களும் ஒரு மலைநாட்டில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குள், மனிதனாற் கூட்டப்பட்டன.

முற்றாக அழியாது எஞ்சியமைக்கும் காரணம் உண்டு. 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் டால்டன் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுக என அரசுக்கு அறிவுரை கூறினார். அவ்வாறு காக்கப்பட்ட உயர்நிலங்களுள் ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. அதுவும், சிவனொளிபாத மலைக் காடும், நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

இக்காப்பின் பயனை ஒரு சிறு தவளை எடுத்துக்காட்டும். இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கையறிஞருமான எட்வர்ட் பிரெடரிக் கெலாட், நுவரெலியாவிற் கிடைத்த மரத்தவளையொன்றை 1853இல் விவரித்தார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனைக் கண்டார் இலர். அழிந்தது என்றே கருதப்பட்டது. 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் சுற்றத்துள் வேறு பல தவளை இனங்களோ அருங்காட்சியகப் புட்டிகளில் மட்டுமே எஞ்சியுள்ளன.

2001இல் வெளியான உலகப் பகுப்பு நிலப்பரப்பை 867 சூழலியற் பிரதேசங்களாக்கி, இலங்கையின் மலை மழைக்காட்டைத் தனியொன்றாகக் கொண்டது. அதற்கு ஓராண்டின் முன்னர் நோர்மன் மயர்ஸ் முதலியோர் வெளியிட்ட பகுப்போ மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒன்றாகவே எண்ணிற்று. இவ்விரண்டும் முரணல்ல, ஒன்று உறவையும் மற்றொன்று தனிமையையும் கூறுவது. இரண்டுக்கும் சான்று, ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் தேயிலை வரிசைகள் முடியுமிடத்தில், மலைமுடிகளிலும் ஓடைக்கரைகளிலும் எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளேயாம். அத்தோட்டங்களைச் சூழ்ந்த பாடசாலைகளில் உலகப் படத்தை விரித்து மண்டலங்களைக் கற்பிக்கும் ஆசிரியர், யன்னலுக்கு அப்பாலுள்ள அக்காட்டையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். அதன் அருமையை அறிந்தவரே அதனைக் காக்க முற்படுவர்.