பயண ஓவியம்

பயணத்தின் நடுவே, காணும் இடத்திலேயே அமர்ந்தோ நின்றோ, கையில் அடங்கும் கருவிகளைக் கொண்டு வரையும் கோட்டோவியமும் நீர்வண்ண ஓவியமும் பயண ஓவியம் எனப்படும். புதிதாக வரையப் பழகுபவர்களிடம் இதைப் பற்றி ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது: வீட்டில் முறையாகப் பழகிக் கை தேறிய பிறகே வெளியில் போய் வரைய வேண்டும் என்பது. பெரும் ஓவியர்கள் விட்டுச்சென்ற பயணக் குறிப்பேடுகளைப் புரட்டினால் இந்த எண்ணம் நிற்காது. நேரம் போதாமை, சிறிய தாள், நகர்ந்துகொண்டே இருக்கும் வெயில் என்று பயணத்தில் தொல்லையாகத் தெரிபவைதாம் எதை வரைவது, எதை விடுவது என்ற தேர்வைக் கற்றுத் தருகின்றன. ஓவியம் பழகுபவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தேர்வு. மேசையில் கணக்கற்ற நேரத்துடன் உட்கார்ந்திருப்பவருக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை.

இங்கிலாந்தின் டர்னர் 1819இல் முதன்முறையாக இத்தாலிக்குப் போனபோது நீர்வண்ணத்தில் ஏற்கெனவே பெரும்பெயர் பெற்றவர். ஆனாலும் அந்தப் பயணத்தில் பெரும்பாலும் பென்சிலால்தான் வரைந்தார். வெட்டவெளியில் ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டும் நேரத்தில் பதினைந்து, பதினாறு பென்சில் படங்கள் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகள் சுமார் 300. அவற்றின் பல பக்கங்களில் ஒரு மணிக்கூண்டின் விளிம்பு, பாதிப் படகு, மலையின் ஒற்றைக் கோடு என இவ்வளவே இருக்கின்றன. 1832இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு மொராக்கோ சென்ற தெலாக்ரூவாவும் இப்படித்தான். விரைவான கோடு, அதன்மேல் சிறிது நீர்வண்ணம், அருகிலேயே எழுத்தில் நிறக் குறிப்பு என்று பக்கங்களை நிரப்பினார். முழுமை இவர்கள் குறியாக இல்லை. பார்த்ததில் எது முக்கியம் என்ற முடிவைத்தான் அந்தத் தாள்கள் தாங்கி நிற்கின்றன.

இதற்கு மறுப்பாக ஆங்கிலேய ஓவியர்களான டேனியல்களைச் சுட்டலாம். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1786இல் கல்கத்தாவில் வந்து இறங்கி, 1792இல் தென்னாட்டுப் பயணத்தைத் தொடங்கி, மதுரையையும் மாமல்லபுரத்தையும் மிகத் துல்லியமாக வரைந்தவர்கள். தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானவர் சில்பி. ஆனந்த விகடனில் வெளிவந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் அணிகலன் வரை நேரில் பார்த்து வரைந்தவர் அவர். துல்லியமும் பயண ஓவியத்துக்கு உரியதுதானே என்று கேட்டால், உரியதுதான். ஆனால் அவர்கள் ஏற்றுக்கொண்டது ஆவணப் பணி. டேனியல்களிடம் காட்சியைக் கண்ணாடி வழியே தாளில் விழச் செய்யும் இருட்டுப்பெட்டி இருந்தது. அவர்களுடைய 144 அச்சோவியங்கள் லண்டனில் 1795 முதல் 1808 வரை உழைத்து உருவாக்கப்பட்டவை. களத்தில் முடிந்தவை அல்ல. சில்பியின் கோட்டுக்குப் பின்னால் சென்னை ஓவியப் பள்ளியில் பெற்ற பயிற்சி இருந்தது. தொடங்குபவர் இவர்களைப் போற்றலாம், போற்றவும் வேண்டும். தன் முதல் பக்கத்தை இவர்களைக் கொண்டு அளக்கக் கூடாது.

அப்படி அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் நல்ல சான்று. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதை உருவங்கள் உள்ளன. கீழ்வரிசை பொம்மையிலிருந்து தொடங்குபவர் இரண்டாம் நிலையைத் தாண்டுவதற்குள் தாள் முடிந்துவிடும். மாறாக, பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அடி அகலத்தையும் மொத்த உயரத்தையும் முதலில் ஒப்பிட வேண்டும். பிறகு இரு பக்கச் சரிவு. அது நேர்கோடு அல்ல. மெல்ல உள்வாங்கி ஏறும் வளைவு. இந்த வளைவு பிடிபட்டால் கோபுரம் கோபுரமாகிவிடும். பிடிபடாவிட்டால் எத்தனை பொம்மை போட்டாலும் ஆகாது. மேலே போகப் போக நிலைகளின் உயரம் குறைவதைக் குறுக்குக் கோடுகளால் குறித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஆயிரம் உருவங்களும் வெளிச்சமும் நிழலுமான சில திட்டுகளாகச் சேர்ந்துவிடும். அந்தத் திட்டுகளை மட்டும் வரைந்தால் போதும். நிழலின் எல்லையைத் தொடக்கத்திலேயே குறித்துவிட வேண்டும். அரை மணி கழித்துப் பார்த்தால் வெயில் இடம் மாறியிருக்கும், மாறியதைத் துரத்தினால் படத்தில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும்.

கைபேசியில் ஒரு நொடியில் படம் எடுக்க முடிகிறபோது இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்த பொருள்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். ஒரு பகுதியை நெருக்கிப் படம் எடுத்தபோது மட்டும் அந்த இழப்பு ஏற்படவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், ஒரு சொல்லுக்குரிய பொருளை வரைந்தவர்கள் அச்சொல்லை எழுதியபோது இருந்ததைவிட நன்றாக நினைவுகூர்ந்ததைக் காட்டினர். வரைய நான்கு நொடி மட்டுமே கொடுத்தபோதும் இது நீடித்தது. சொற்களை வைத்துச் செய்த சோதனையை அப்படியே ஊர்க்காட்சிக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன: கவனம் எங்கே குவிகிறதோ அங்கேதான் நினைவு தங்குகிறது. ஒளிப்படத்தை விட்டுவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். முதலில் வரைந்துவிட்டுப் பிறகு படம் எடுத்துக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு குறிப்பேடு, நீரில் கரையாத மையுள்ள பேனா, ஆறேழு நிறங்கள் கொண்ட சிறு வண்ணப்பெட்டி, ஒரு தூரிகை, ஒரு துணி போதும். நீர் பட்டால் மெல்லிய தாள் நெளியும்; 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் தாங்கும். சித்திரை வெயிலில் வண்ணம் தூரிகையை எடுப்பதற்குள் உலர்ந்துவிடும், மழைக்காலக் கடற்கரையில் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். அதற்கேற்ப நீரைக் கூட்டிக் குறைப்பது கை பழகப் பழக வரும். அழிப்பானை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. தவறான கோட்டை அப்படியே விட்டு, பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டால் எங்கே பிசகினோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தபடி இருக்கும்.

தொடங்குபவரை உண்மையில் தடுப்பது கருவியல்ல, கூச்சம். நம் ஊர்களில் யாராவது தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் நான்கு பேர் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். சுவரையோ தூணையோ முதுகுக்கு வைத்து அமர்வது ஒரு வழி. கூட்டாகப் போவது அதைவிட நல்ல வழி. செய்தித்தாள் ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் சியாட்டிலில் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கம் உலகெங்கும் பரவியதற்கு இதுவும் காரணமாக இருக்க வேண்டும். நேரில் பார்த்தே வரைய வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. தேர்ந்தவரும் புதியவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, வரைந்ததைப் பின்னர் ஒன்றாகப் பரப்பிவைத்துப் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் இடம், நாள், நேரம் ஆகியவற்றோடு நேரமின்மையால் தீட்ட முடியாத நிறங்களையும் சொல்லாக எழுதிவைக்கலாம். அரைகுறைப் பக்கத்தால் பிற்காலத்தில் பயன் உண்டா என்ற ஐயத்துக்குத் தெலாக்ரூவாவின் வாழ்க்கையே விடை. மொராக்கோ யூதத் திருமணத்தைக் காட்டும் அவரது ஓவியம் 1841இல் பாரிஸில் காட்சிக்கு வந்தது. பரிவாரத்துடன் சுல்தான் தோன்றும் பெரிய ஓவியம் 1845இல் வந்தது. 1832இன் அவசரக் கோடுகளும் நிறக் குறிப்புகளும் அத்தனை ஆண்டுகள் கழித்தும் அவருக்குப் பயன்பட்டன.