நடந்தா கெண்டைக்கால் இழுக்குது, நின்னா சரியாகுதா? ‘நரம்பு’ மேல பழி போடாதீங்க!

காலை ஷிஃப்ட் நேரத்துல ஆம்பூர் பக்கம் போயிருக்கீங்களா? ஷூ கம்பெனி வேன்கள், சைக்கிள்கள், சாப்பாட்டுப் பையோட வேகமா நடக்கிற பெண்கள்னு தெருவே ஓடிக்கிட்டிருக்கும். அந்தக் கூட்டத்துல உங்க அப்பா மட்டும் 200 மீட்டருக்கு ஒருமுறை டீக்கடை ஓரமா நிக்கிறார். கெண்டைக்காலைத் தேய்ச்சுவிட்டு, ரெண்டு நிமிஷத்துல மறுபடி நடக்கிறார். கேட்டா, ‘நரம்பு இழுக்குதுப்பா, நாள் பூரா நின்னு வேலை பார்க்கிற காலு’ன்னு சொல்லுவார். நாமளும் ஒரு தைலம் வாங்கிக் கொடுத்துட்டு போனைப் பார்க்கப் போயிடுவோம்.

நம்ம ஊர்ல காலுக்குள்ள இருக்கிற எல்லாமே ‘நரம்பு’தான். ஆனா இங்கே சிக்கல் தமனியில். இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் உள்பக்கம் கொழுப்பு படிஞ்சு சுருங்கிடுது. உட்கார்ந்திருக்கும்போது தசைக்கு அந்தக் கொஞ்ச ரத்தமே போதும். நடக்கும்போது பல மடங்கு தேவை; வராது. அதனால வலி. நின்னா தேவை குறையுது, வலியும் போயிடுது. கடை ஜன்னலைப் பார்க்கிற மாதிரி நின்னு நின்னு போறதால, ஜெர்மன் மொழியில் இதுக்குக் ‘கடை ஜன்னல் நோய்’னே பேர். நம்ம ஊருக்கு ‘டீக்கடை நோய்’னு வெச்சுக்கலாம்.

எந்த வலி இது?

இந்த வலிக்கு ஒரு கணக்கு உண்டு. கிட்டத்தட்ட அதே தூரத்துல வரும், நின்ன சில நிமிஷத்துல போகும், மேடு ஏறினா சீக்கிரமே வரும். முதுகுத் தண்டுவடப் பிரச்னையிலும் நடந்தா கால் வலிக்கும். ஆனா அது சும்மா நின்னா போகாது, உட்காரணும் இல்ல முன்னால குனியணும். வெரிகோஸ் வெயின் வேற கதை. நாள் முழுக்க மெஷின் முன்னாடி நிக்கிறவங்களுக்குச் சாயங்காலம் கால் கனக்கும், தலையணை மேல தூக்கி வெச்சா இதமா இருக்கும். தமனி அடைப்பில் காலைத் தூக்கினா வலி கூடும். நோய் முத்தினவங்க ராத்திரியில காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுத்தான் தூங்குவாங்க.

கெண்டைக்கால் வலின்னா அடைப்பு பெரும்பாலும் தொடைத் தமனியில். இடுப்பு, தொடை வலின்னா அதுக்கும் மேலே.

பீடி, சிகரெட், சுகர்

50 வயசைத் தாண்டினவங்களுக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், புகைன்னு காரணங்கள் சேர்ந்தே வரும். ஆனா 25, 30 வயசு ஆட்களுக்கும் காலடியில் வலி, விரல் நுனி கறுத்துப்போறதுன்னு வரலாம். அது பர்ஜர் நோய். லியோ பர்ஜர் என்ற மருத்துவர் 1908-ல் விவரிச்சது. வர்றது கிட்டத்தட்ட எல்லாமே புகையிலை பழக்கம் உள்ளவங்களுக்குத்தான். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுறது பல வீடுகளின் பிழைப்பு. பீடி சுலபமா கைக்கு வர்ற ஊர்கள். இந்த நோயில் புகையிலையை முழுசா விட்டா விரல் தப்பும். ‘ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு’ங்கிற சமரசம் இங்கே செல்லாது. விட முடியலைன்னா 1800-11-2356, கட்டணமில்லா எண்.

ராஜாவா இருந்தாலும் கால் கேட்காது. விடாம சிகரெட் பிடிச்ச இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும் கால் தமனி அடைப்புதான். 1949-ல் அதுக்காக ஆபரேஷன் செஞ்சாங்க.

பத்து நிமிஷ டெஸ்ட்

முதல் பரிசோதனைக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. கையில் பிரஷர் பார்க்கிற மாதிரியே கணுக்காலிலும் ஒரு சின்ன டாப்ளர் கருவி வெச்சுப் பார்ப்பாங்க. கையில் 140, கணுக்காலில் 84-ன்னு வெச்சுக்கோங்க. 84-ஐ 140-ஆல் வகுத்தா 0.6. இது 1-லிருந்து 1.4 வரை இருந்தா நார்மல், 0.9-ம் அதுக்குக் கீழேயும் போனா அடைப்பு. ரொம்ப நாள் சுகர் இருக்கிறவங்களுக்குத் தமனி கல்லு மாதிரி இறுகி, எண் பொய்யா அதிகமா காட்டும். அவங்களுக்குக் கால் கட்டைவிரலில் பிரஷர் பார்க்கணும். அடுத்து டாப்ளர் ஸ்கேன், தேவைன்னா சி.டி ஆஞ்சியோ.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி உங்க போனால ஒரு வேலை ஆகணும். அப்பாவோட ஒருநாள் நடங்க. எத்தனையாவது அடியில் வலி, எத்தனை நிமிஷத்துல தீர்ந்ததுன்னு குறிச்சு வைங்க. ‘கால் வலிக்குது டாக்டர்’னு சொல்றதைவிட இது நூறு மடங்கு உதவும்.

நடந்தா வலி, மருந்தும் நடைதான்

வலி வரும்வரை நடங்க. ஓரளவு கடுமையானதும் நில்லுங்க. போனதும் மறுபடி நடங்க. இப்படி 30 முதல் 45 நிமிஷம், வாரம் மூணு நாள், குறைஞ்சது 12 வாரம். தசைகள் இருக்கிற ரத்தத்தைச் சிக்கனமா பயன்படுத்தப் பழகிக்கும், தூரம் கூடும். நெஞ்சுவலி, மூச்சுவாங்கல், காலில் புண் இருந்தா டாக்டரைக் கேட்காம ஆரம்பிக்காதீங்க.

கூடவே ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு ஸ்டாட்டின். நடை தூரத்தைக் கூட்ட சிலோஸ்டசால் கொடுக்கலாம்; இதயச் செயலிழப்பு இருக்கிறவங்களுக்கு அது கூடவே கூடாது. இந்த மாத்திரைகள் காலுக்கு மட்டுமில்ல. கால் தமனி அடைச்சிருந்தா இதயத்திலும் மூளைக்குப் போற குழாயிலும் அதே வேலை நடந்துக்கிட்டிருக்கலாம். இவங்களில் பலருக்குக் காலைவிட ஹார்ட் அட்டாக்தான் பெரிய ஆபத்து.

இதெல்லாம் போதலைன்னாதான் பலூன், ஸ்டென்ட், பைபாஸ். வேலூர் சி.எம்.சி-யிலும், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குன்னே தனித் துறை இருக்கு.

செய்யவே கூடாதவை

ஆன்லைன்ல இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் வாங்கி மாட்டிவிடாதீங்க. அது வெரிகோஸுக்கானது, தமனி அடைப்பு உள்ள காலில் வர்ற கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திடும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சுகர்னால உணர்ச்சி மரத்த காலுக்கு வெந்துபோனதே தெரியாது.

1946-ல் வேலூர் சி.எம்.சி-யில் சேர்ந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குக் காரணம் வலி தெரியாததுதான்னு புரியவெச்சவர். அந்தக் கால்களுக்காகப் பரவின எம்.சி.ஆர் ரப்பர் செருப்பைத்தான் இப்போ சுகர் நோயாளிகளுக்கும் எழுதித் தர்றாங்க. ஊருக்கே ஷூ தைக்கிறவர் வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடக்கிறார்னா, முதல்ல அதை மாத்துங்க.

கால் திடீர்னு வெளிறி, சில்லுன்னு ஆகி, மரத்துப்போய், விரலை அசைக்க முடியலைன்னா அது டீக்கடையில் நின்னு தீர்ற வலி இல்ல. ஆறு மணி நேரத்துக்குள்ள ரத்தம் திரும்பலைன்னா காலையே இழக்க நேரலாம். விடியட்டும்னு காத்திருக்காம உடனே 108-க்கு அடிங்க.