பல் அச்செடுப்பு

வாயிலுள்ள பற்கள், ஈறு, அண்ணம், பல் விழுந்த தாடை மேடு ஆகியவற்றின் வடிவத்தை இளகிய பொருளில் பதித்து எடுக்கும் பல் மருத்துவ முறை பல் அச்செடுப்பு எனப்படும். மருத்துவமனைகளில் இதை ‘அளவெடுப்பது’ என்றே நோயாளிகளிடம் சொல்கிறார்கள். அச்சில் பல் இருந்த இடம் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஜிப்சச் சாந்தை ஊற்றி இறுகவிட்டால் வாயின் நேர்வடிவம் வார்ப்பாகக் கிடைக்கும். பல் செட், கேப், பிரிட்ஜ், பல் வரிசையைச் சீராக்கும் தட்டு எல்லாம் இந்த வார்ப்பின் மேல்தான் உருவாகின்றன. அவற்றைச் செய்யும் லேப் தொழில்நுட்பர் பெரும்பாலும் நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது வார்ப்பு மட்டுமே. அச்சில் நேர்ந்த பிழையை அதற்குப் பிந்தைய எந்த வேலையும் திருத்தாது. பல் செட் ஆடுவதற்கும் கேப் சரியாக உட்காராததற்கும் காரணம் பல நேரங்களில் அளவெடுத்த அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது.

பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் பல் மருத்துவரான பிலிப் ஃபாஃப் 1756-இல் வெளியிட்ட நூலில், தேன்மெழுகில் தாடையின் அச்சைப் பாதி பாதியாக எடுத்துச் சேர்த்து, அதில் சாந்து வார்க்கும் முறையை விவரித்தார். மெழுகு சற்றே சூடு பட்டாலும் கோணிவிடும். 1840-களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிசையே வாய்க்குள் வைத்து அச்செடுக்கத் தொடங்கினார்கள். துல்லியம் கிடைத்தது. ஆனால் பற்களின் அடியிடுக்குகளில் இறுகிய சாந்து வெளியே வராததால், அதை வாயிலேயே உடைத்து எடுத்துத் துண்டுகளை வெளியில் பொருத்த வேண்டியிருந்தது. மலேயக் காடுகளின் கட்டாபெர்ச்சா பிசினும் அதே காலத்தில் புழக்கத்துக்கு வந்தது. லண்டன் பல் மருத்துவர் சார்லஸ் ஸ்டென்ட் 1857 வாக்கில் அதனோடு ஸ்டியரினும் டால்க்கும் சேர்த்துச் சொன்னபடி கேட்கும் பொருளாக்கினார். வெந்நீரில் இளகி வாய்ச்சூட்டில் இறுகும் இன்றைய இம்ப்ரெஷன் காம்பவுண்டு அந்த வழியில் வந்ததே. அரக்கும் குங்கிலியம் போன்ற பிசின்களும் அதில் சேர்க்கப்படுவதுண்டு.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே குறை இருந்தது: வளையாது. பல்லின் வயிற்றுப்பகுதி அகன்றும் கழுத்துப்பகுதி குறுகியும் இருப்பதால், விறைப்பான பொருள் அங்கே மாட்டிக்கொள்ளும், அல்லது சிதையும். வளைந்து வெளியே வந்து மறுபடி தன் வடிவத்துக்குத் திரும்பும் பொருள் தேவைப்பட்டது. ஆஸ்திரியாவின் அல்ஃபோன்ஸ் போலர் 1925-இல் காப்புரிமை பெற்ற அகர் கலவை அதைத் தந்தது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகரைக் கொதிநீரில் உருக்கி, சூட்டைத் தணித்து, குளிர்நீர் ஓடும் ட்ரேயில் வைத்து வாயில் இறுக வைப்பார்கள். நுட்பமான அச்சு கிடைக்கும். கருவிகளும் பொறுமையும் நிறைய வேண்டும். அகர் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றபோது, பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் அதன் இடத்தைப் பிடித்தது. போர் முடிந்தும் இடத்தை விடவில்லை. இன்று உலகெங்கும் சாதாரணப் பல் மருத்துவமனை அலமாரியில் ஆல்ஜினேட் பொடி இருக்கிறது. மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரையோரத்தில் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று மீனவப் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் பாசிகள் ஆல்ஜினேட் தரும் இனத்தைச் சேர்ந்தவை.

ஆல்ஜினேட் பொடியில் சோடியம் அல்லது பொட்டாசியம் ஆல்ஜினேட், கால்சியம் சல்பேட், டயட்டம் மண், சிறிதளவு சோடியம் பாஸ்பேட் ஆகியவை இருக்கும். தண்ணீர் பட்டதும் கால்சியம் அயனிகள் ஆல்ஜினேட் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கத் தொடங்கும். அது உடனே நடந்துவிட்டால் ட்ரேயில் எடுக்கக்கூட நேரமிருக்காது. அதனால்தான் பாஸ்பேட்: முதலில் வரும் கால்சியத்தை அது விழுங்கிக்கொள்கிறது. பாஸ்பேட் தீர்ந்த பிறகே கலவை இறுகும். இந்த அவகாசம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கலந்தால் கிண்ணத்திலேயே கட்டிவிடும்; ஆகவே கோடையில் ஃபிரிட்ஜ் தண்ணீர் கைவசம் வைத்திருப்பார்கள்.

ரப்பர் கிண்ணத்தில் அளந்த தண்ணீரை ஊற்றி, அளந்த பொடியைப் போட்டு, அகன்ற கரண்டியால் கிண்ணத்தின் சுவரோடு தேய்த்துத் தேய்த்துக் கலக்க வேண்டும். தேய்ப்பது காற்றுக் குமிழியை வெளியேற்ற. ஒரு நிமிடத்துக்குள் கலவை வழவழப்பாகிவிடும். துளையிட்ட ட்ரேயில் நிரப்பி, மேல் தாடை என்றால் முதலில் பின்புறத்தை அழுத்தி, பிறகு முன்புறத்தை ஏற்றுவார்கள். மிஞ்சும் கலவை தொண்டைப் பக்கம் போகாமல் உதட்டுப் பக்கம் வழியும். இறுகிய பின்னும் இரண்டு மூன்று நிமிடம் ட்ரேயை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். எடுக்கும்போது அசைத்து அசைத்து எடுக்கக் கூடாது; ஒரே வெடுக்கில் எடுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் ஆல்ஜினேட் கிழியாது, பழைய வடிவத்துக்கும் நன்றாகத் திரும்பும்.

அடுத்த கண்டம் வெளியே காத்திருக்கிறது. ஆல்ஜினேட் அச்சின் பெரும்பகுதி தண்ணீர். திறந்து வைத்தால் நீர் கசிந்து சுருங்கும். தண்ணீரில் போட்டால் உறிஞ்சி உப்பும். எச்சிலையும் ரத்தத்தையும் கழுவி, கிருமிநாசினி தெளித்து, கால்மணி நேரத்துக்குள் சாந்து ஊற்றிவிட வேண்டும். முடியாதபோது ஈரத்துணி சுற்றிப் பைக்குள் மூடி வைக்கலாம். அதுவும் சற்று நேரத்துக்கே. காலையில் எடுத்த அச்சைச் சாயங்காலம் வரும் ஆளிடம் லேபுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது. ஆல்ஜினேட் மீது சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் தாமதத்தின் மீதான புகார்கள்.

பற்கள் முழுவதும் விழுந்தவருக்குப் பல் செட் செய்ய ஒரே அச்சு போதாது. முதல் அச்சைக் காம்பவுண்டிலோ ஆல்ஜினேட்டிலோ எடுத்து வார்ப்புச் செய்து, அந்த வார்ப்பின் மேல் அந்த ஒருவருக்கே பொருந்தும் அக்ரிலிக் ட்ரே செய்வார்கள். அந்த ட்ரேயின் ஓரத்தில் பச்சைநிறக் காம்பவுண்டுக் குச்சியை விளக்கில் உருக்கி ஒட்டி வாயில் வைத்து, உதட்டைக் குவிக்க, கன்னத்தை இழுக்க, நாக்கை நீட்ட, ‘ஆ’ என்று சொல்ல வைப்பார்கள். தசைகள் அசையும் எல்லை ஓரத்தில் பதிகிறது. பல் செட்டின் விளிம்பு அந்த எல்லையைத் தாண்டினால் பேசும்போது தூக்கிவிடும், புண்ணாகும். குறைந்தால் காற்றுப் புகுந்து கழன்றுவிடும். பல் செட் வேலையில் மிக நிதானம் கேட்கும் கட்டம் இது. அவசரப்படும் இடங்களில் முதலில் விட்டுவிடப்படுவதும் இதுவே.

விளிம்பு சரியான பிறகு துத்தநாக ஆக்சைடு–யூஜினால் பசையை மெல்லிய படலமாகத் தடவி இறுதி அச்சு எடுப்பார்கள். இரண்டு டியூபிலிருந்து சம நீளம் பிதுக்கிக் கலக்கும் பசை அது. யூஜினால் கிராம்பு எண்ணெயின் சத்து. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அடிக்கும் வாசனையும் பெரும்பாலும் அதனுடையதே. சிலருக்கு வாய் எரியும். உதட்டில் ஒட்டாமலிருக்க முன்கூட்டி வாசலின் தடவுவது வழக்கம். இறுகினால் விறைப்பாகிவிடும் என்பதால், பல் இருக்கும் வாயில் இதைப் பயன்படுத்துவதில்லை.

கேப், பிரிட்ஜுக்குத் தேவைப்படும் நுணுக்கம் வேறு வகை. சர்வதேசத் தர விதிப்படி ஆல்ஜினேட் 50 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கோட்டைப் பதித்தால் போதும். மெல்லிய வகை ரப்பர் பொருள்கள் 20 மைக்ரோமீட்டர் கோட்டைப் பதித்தாக வேண்டும். செதுக்கிய பல்லின் விளிம்பு பல நேரம் ஈறுக்குள் ஒளிந்திருக்கும். மருந்தில் நனைத்த மெல்லிய நூலை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே செருகிச் சில நிமிடம் வைத்தால் ஈறு விலகி ரத்தமும் நிற்கும். நூலை எடுத்த கையோடு, அந்தப் பிளவில் மெல்லிய பொருளைச் செலுத்தி, மேலே கெட்டியான புட்டியை வைத்து அழுத்துவார்கள். புட்டி இரண்டு நிறக் கட்டிகளாக வரும். சப்பாத்தி மாவைப் போல விரல்நுனியால் ஒரே நிறமாகும் வரை பிசைய வேண்டும்.

ரப்பர் பொருள்களில் முதலில், 1950-களில், வந்தது பாலிசல்ஃபைடு. பழுப்புநிறமும் கந்தக நாற்றமும் கொண்டது, இறுக நெடுநேரம் எடுக்கும், இப்போது அரிது. அடுத்து வந்த கண்டென்சேஷன் சிலிகான் இறுகும்போது ஆல்கஹாலை வெளிவிட்டு, அந்த அளவு சுருங்கும். பல் மருத்துவத்துக்கென்றே உருவாக்கப்பட்ட பாலிஈதர் 1960-களில் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஈரத்திலும் நன்றாகப் பதியும், ஆனால் விறைப்பு அதிகம், அடியிடுக்குள்ள வாயிலிருந்து பிடுங்குவது சிரமம். 1970-களில் வந்த அடிஷன் சிலிகான் இன்று முன்னிலையில் உள்ளது. இறுகும் வேதிவினையில் துணைப்பொருள் எதுவும் பிரியாததால் சுருக்கம் மிகக் குறைவு. சில நாள் கழித்தும் வார்க்கலாம், ஒரே அச்சில் பலமுறையும் வார்க்கலாம். அதன் எதிரி லேடெக்ஸ் கையுறை. கையுறையிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும், புட்டி இறுகாமல் கொழகொழப்பாகவே நிற்கும். வினைல் அல்லது நைட்ரைல் கையுறையே இதற்கு உகந்தது.

வார்ப்புக்கு ஊற்றும் ஜிப்சத்திலும் தரங்கள் உண்டு. 100 கிராம் சாதாரண பிளாஸ்டருக்கு 45 முதல் 50 மில்லி தண்ணீர் வேண்டும். பல் செட்டுக்கான டென்டல் ஸ்டோனுக்கு 28 முதல் 30. கேப் வேலைக்கான டை ஸ்டோனுக்கு 22 முதல் 24. தண்ணீர் குறையக் குறைய வார்ப்பு கடினமாகும். அதிரும் மேடையில் அச்சை வைத்து ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாந்தை ஓடவிட்டால் காற்று வெளியேறும். அச்சில் இருக்கும் ஒரு குமிழி வார்ப்பில் மணிபோன்ற முண்டாகும். சாந்தில் சிக்கிய குமிழி பள்ளமாகும்.

ஒளியால் அச்செடுக்கும் யோசனையை பிரான்சின் பிரான்சுவா துரே 1973-இல் தன் ஆய்வேட்டில் முன்வைத்தார். 1985-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் குழு, வாய்க்குள் கேமரா வைத்துப் பல்லைப் படமெடுத்து, அங்கேயே பீங்கான் அடைப்பைக் கடைந்து நோயாளிக்குப் பொருத்தியது. இப்போதைய ஸ்கேனரால் ஒருசில பற்களுக்கான கேப், பிரிட்ஜ் வேலையைச் சாந்தும் ட்ரேயும் இல்லாமலே முடிக்கலாம்; குமட்டல் உள்ளவர்களுக்கு அது பெரிய விடுதலை. எனினும் கேமரா கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பதிக்கும். ஈறை விலக்கும் நூல் அங்கேயும் வேண்டும், ரத்தமும் எச்சிலும் அங்கேயும் தடை. பல்லே இல்லாத வாயில், அசையும் தசை எல்லையை அழுத்திப் பதிக்கும் வேலையில், ட்ரேயும் கையுமே இன்றும் நம்பகமானவை.

அளவெடுக்கப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பழைய பல் செட் அணிபவர் இறுதி அச்சுக்கு முந்தைய நாளே அதைக் கழற்றிவிட வேண்டும். அழுந்திக் கிடக்கும் ஈறு இயல்புக்குத் திரும்ப அந்த நேரம் தேவை. ஆடும் பல், கிராம்பு எண்ணெய் அல்லது லேடெக்ஸ் ஒவ்வாமை, குமட்டல் தொல்லை இருந்தால் ட்ரே வாய்க்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ட்ரே வாயில் இருக்கும்போது தலையைச் சற்று முன்னே சாய்த்து, மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள். மருத்துவர் இன்னொரு முறை அளவெடுக்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள்.